ஒன்பது கிலோ ஆரோக்கியம்

சர்க்கரை வந்தவன் இளைப்பான். சாத்தூர் வட்டாரத்தில் இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நன்றாக இருந்த ஆள் திடீரென்று இளைத்தால் டீக்கடையில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "சுகரா?" இல்லையென்றால், "மகளுக்கு மாப்பிள்ள பாக்கீகளோ?"

அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற ஷெட்டுக்குச் சூப்பர்வைசராக இருந்த சாலமன்ராஜுக்கு மகள் கிடையாது. ஆகவே சுகர்தான். பதினொரு வருஷமாக இளைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டில் ஆணி வைத்து ஓட்டை போட்டுப் போட்டு, கடைசியில் தோலைவிட ஓட்டை அதிகமாகிப்போய், பேண்டையே விட்டுவிட்டு வேட்டிக்கு மாறியிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தேழாவது வயதில், ஒரு வைகாசி மாதத்தில், சதை போட ஆரம்பித்தார்.

ஊரே கொண்டாடியது. கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் இடத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்று, "அண்ணாச்சி ஒடம்பு வச்சுட்டீக!" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அவர் பெயரைச் சொல்லி, வாடின எலும்புகளைத் தேவன் தழைக்கப் பண்ணினார் என்று ஸ்தோத்திரம் ஏறெடுத்தார். கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே பை தொங்க, கால் இரண்டும் மண்பானை மாதிரி உருண்டு நின்ற சாலமன்ராஜும் எழுந்து 'ஆமென்' சொல்லப் பார்த்தார். மூச்சு வாங்கியதால் பாதி ஆமென்தான் வந்தது.

அவர் மனைவி ஞானதீபம் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா. நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, எது அழப்போகிறது, எது வாந்தியெடுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறவள். அவள் மட்டும்தான் கொண்டாடவில்லை.

"இது சதையில்ல. ஊறப்போட்ட பருப்பு மாதிரி இருக்கீக."

"ஒனக்கு நான் நல்லா இருந்தாலே ஆகாது."

"நல்லா இருக்கவரு ஏன் பத்து நாளா நாற்காலியில உக்காந்துக்கிட்டே தூங்குதீக?"

சாலமன்ராஜ் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்தால் இறங்கிப் போய்விட்டது. வலி இல்லை. வலி இல்லாததை நோய் என்று எப்படிச் சொல்வது?

மேலும், அவர் நலமாக இருக்கிறார் என்பதற்கு அவரிடம் எழுத்து மூலமான ஆதாரம் இருந்தது.

அதைக் கொடுத்தது சர்க்கரைச் சமநிலை இயக்கம். சூலக்கரைப் பக்கம் ஒரு புதுக் கட்டிடத்தில் இருந்தது. அது அரசாங்கமா, தனியாரா, முதலாளிமார் நடத்துகிற டிரஸ்டா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் 'கூட்டு முயற்சி' என்பார்கள். வாசலில் பெரிய எழுத்தில் 'எண் சரியானால் எல்லாம் சரி' என்று எழுதியிருந்தது. உள்ளே மூன்று நிறத்தில் அட்டை கொடுத்தார்கள். சர்க்கரை எண் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு. கொஞ்சம் அதிகமென்றால் மஞ்சள். மூன்று முறை தொடர்ந்து எண் இறங்கியிருந்தால் பச்சை. சிவப்பு அட்டைக்காரர் மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்கலாம். மஞ்சள் அட்டைக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பச்சை அட்டைக்காரர் டாக்டரைப் பார்க்க முடியாது. அதுதான் பச்சை அட்டையின் கௌரவம். அதன் பின்பக்கத்தில், 'இவ்வட்டையை வைத்திருப்பவர் நலமாக இருக்கிறார்' என்று அச்சடித்து, கீழே சீலும் குத்தியிருந்தது.

சாலமன்ராஜுக்குப் பங்குனியில் இருநூற்றெண்பது. வீடியோவில் வந்த டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தார். சாலமன்ராஜைப் பார்க்கவில்லை, கேமரா மேசை விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய மாத்திரையோடு புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார். எண் சரசரவென்று இறங்கியது. வைகாசியில் பச்சை அட்டை வந்துவிட்டது. கூடவே எடையும் ஏறியது.

எடை எடுத்தது கீர்த்திகா என்ற பெண். கையில் ஒரு கம்ப்யூட்டர் பலகை வைத்திருப்பாள். அதில் உள்ள கட்டங்களை நிரப்புவது அவள் வேலை.

"ஐயா, சுகர் எறங்கிருக்கு, வெயிட் ஏறிருக்கு! இப்பிடி ஒருத்தருக்குக்கூட வந்ததில்ல," என்று ஓடிப்போய் உள்ளே சொன்னாள்.

உள்ளேயிருந்து மாவட்ட ஒருங்கிணைப்பாளர் திருமேனிநாதன் வந்தார். இவர் முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்தில் இருந்தவர். அங்கிருந்து வரும்போது 'கட்டுப்பாடு' என்ற சொல்லை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். சாலமன்ராஜை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். கன்றுக்குட்டி வாங்க வந்தவர் மாதிரி கன்னத்தைத் தொட்டும் பார்த்தார்.

"நண்பரே, நாங்கள் இத்தனை நாளாக எண்களை வைத்திருந்தோம். முகம் இல்லாமல் இருந்தோம். இன்று முகம் கிடைத்துவிட்டது. இனி நீங்கள் நோயாளி இல்லை, மாதிரி நோயாளி!"

மாதிரி நோயாளியை வைத்து என்ன செய்வது? சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை யோசிக்க வேண்டியதே இல்லை. காலண்டர் போடுவது. ஆறு தாள் காலண்டர், தாளுக்கு இரண்டு மாதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாலமன்ராஜை ஒரு படம் எடுப்பது. படத்துக்குக் கீழே அன்றைய எடையைப் போடுவது. தாளைத் திருப்பத் திருப்ப ஒரு மனிதன் நலமாகிக்கொண்டே போவதை வருஷம் முழுக்க மாவட்டமே சுவரில் பார்க்கும். ஆடிப் பதினெட்டுக்குள் வெளியிட்டாக வேண்டும். சிவகாசியில் புதுக் காலண்டர் வருகிற நாள் அது. அன்றைக்குத் தவறிய காலண்டர், முகூர்த்தம் முடிந்து வந்த மாப்பிள்ளை மாதிரி.

முதல் தாள் 'உழைப்பு'. கம்பெனி வாசலுக்கு வெளியே, செருப்புக் காலோடு, கிஃப்ட் பாக்ஸைக் கையில் ஏந்தி நின்றார். ஐம்பத்தேழு கிலோ. படம் எடுத்த அஷ்ஃபாக், விருதுநகரில் கல்யாண போட்டோ எடுக்கிறவர். யாரைப் பார்த்தாலும் "மாப்பிள்ள, லேசா சிரிங்க" என்றுதான் சொல்வார்.

இரண்டாம் தாள் 'நடை'. நான்கு வழிச்சாலை ஓரத்தில் நடக்கச் சொன்னார்கள். பத்தடி நடந்ததும் சாலமன்ராஜ் நின்றுவிட்டார். அஷ்ஃபாக் அவரை ஒரு லோடு வேனில் சாய்ந்து நிற்க வைத்து, ஒரு காலை மட்டும் தூக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். வேனை அப்புறம் அழித்துவிட்டார். காலண்டரில் சாலமன்ராஜ் ஒன்றுமில்லாத காற்றில் சாய்ந்தபடி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மாடத்தி வந்தாள். அவர் ஷெட்டில் பெட்டிக்குள் கம்பி மத்தாப்பு அடுக்குகிறவள். நாற்பத்தெட்டு வயது, ஏழு வருஷச் சர்க்கரை, புடவையைச் சுற்றினால் புடவைதான் தெரியும்.

"அண்ணே, ஒங்களுக்குக் கொடுத்த மாத்திரைய எனக்கும் வாங்கிக் கொடுங்க. நாலு பேரு மாதிரி கையில காலுல சதை பிடிச்சா எனக்கும் ஆசையா இருக்காதா? என் மருமக என்னைய வெறகுன்னு கூப்பிடுதா."

"அதுக்கென்ன தாயி, நானே கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த லீவு நாளில் மினி பஸ்ஸில் சூலக்கரைக்குக் கூட்டிப்போனார். மாதிரி நோயாளி சிபாரிசு என்றதும் வரிசையில் நிற்காமலே மாடத்திக்கு மாத்திரை கிடைத்தது. சாலமன்ராஜுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் செல்வாக்கு என்றால் என்னவென்று தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வந்தார். நிமிர்த்தாவிட்டால் மூச்சு வரவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் தாள் 'குடும்பம்'. செருப்பு காலில் ஏறவில்லை, வெறுங்காலோடு நின்றார். பக்கத்தில் ஞானதீபம், கோபத்தை அடக்கிக்கொண்டு. அந்த முகத்தை 'கண்டிப்பான அன்பு' என்று கீழே எழுதினார்கள். அறுபது கிலோ. நான்காம் தாள் 'தியானம்'. அதை எடுப்பதற்கு முன்னால் சாலமன்ராஜ் கீர்த்திகாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, மூச்சு வாங்குது. படி ஏற முடியல. எழுதிக்கோ."

கீர்த்திகா பலகையை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள். "நெஞ்சு வலி இருக்கான்னு ஒரு கட்டம் இருக்குய்யா. வலி இருக்கா?"

"வலியில்ல. மூச்சுதான்."

"மூச்சுன்னு தனியாக் கட்டம் இல்லியே." அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. திரும்பத் தேடினாள். "ஆங், ஒண்ணு இருக்கு. 'மூச்சுப் பயிற்சி செய்கிறாரா?' அதுல 'ஆம்'னு போட்டுட்டேன். சும்மா விடுறதுக்கு எதாவது போட்டா நல்லதுதானய்யா."

அந்த 'ஆம்' சென்னைக்குப் போய், அங்கிருந்து பாராட்டாகத் திரும்பி வந்தது.

ஐந்தாம் தாள் 'தன்னம்பிக்கை'. கையைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. அறுபத்து நான்கு.

வீட்டில் ஞானதீபம் சொல்லிப் பார்த்தாள். "பெரியாசுபத்திரிக்குப் போவோம்."

"பச்சை அட்டைய வச்சுக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனா இயக்கத்துக்கு அசிங்கம்னு சொல்லிருக்காக. கட்டுப்பாட்டு விகிதம் கொறைஞ்சிருமாம்."

"ஒங்க மூச்சு நின்னா விகிதம் கூடிருமா?"

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறு. ஒரே ஒரு படந்தான் பாக்கி."

ஒரு மனிதன் சாவதற்கு எத்தனையோ காரணம் உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுச் சாவது என்ற கெட்ட பழக்கம் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அதிகம். சீசனில் ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் காய்ச்சலில் படுப்பார்கள்.

கடைசித் தாளுக்குத் தலைப்பு 'ஆழ்ந்த உறக்கம்'. சாலமன்ராஜின் வீட்டுக் கட்டிலைப் பார்த்த திருமேனிநாதன், அது இயக்கத்தின் தரத்துக்கு ஒத்துவராது என்றார். வெள்ளை விரிப்பு, நல்ல ஜன்னல் வெளிச்சம், கறை இல்லாத சுவர் வேண்டும். ஒரு அரசு ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறக்கவிருந்த வார்டு ஒன்றில் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். எழுதிக் கேட்டு, ஒரு மணி நேரத்துக்கு வாங்கினார். அனுமதிக் கடிதத்தில், 'படுக்கை புகைப்படத்துக்கு மட்டும். சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று அடிக்கோடு போட்டிருந்தது.

ஆடி எட்டாம் தேதி, காலை பதினோரு மணி. சாலமன்ராஜ் ஆஸ்பத்திரிக்குள் ஞானதீபத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இரண்டு பக்கமும் பெஞ்சில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரையும்விட அவர்தான் மோசமாக இருந்தார். அவருக்குத்தான் மாலை போட்டிருந்தது.

எடை எடுத்தார்கள். அறுபத்தாறு. ஒன்பது கிலோ முன்னேற்றம் என்று திருமேனிநாதன் கைதட்டினார்.

"படுங்க மாப்பிள்ள," என்றார் அஷ்ஃபாக்.

"உக்காந்துக்கிட்டே தூங்குற மாதிரி எடுக்கக் கூடாதா?"

"காலண்டர்ல யாராவது உக்காந்து தூங்குவாங்களா? அது பஸ் ஸ்டாண்டு."

சாலமன்ராஜ் படுத்தார். படுத்த கணத்தில் தண்ணீருக்குள் முங்கியது போல் இருந்தது. நெஞ்சுக்குள் குமிழி குமிழியாக ஏதோ கொதித்தது. துள்ளி எழுந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து காற்றைக் கடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஷேக் ஆகுது. மூச்ச மட்டும் ஒரு செகண்டு நிறுத்துங்க," என்றார் அஷ்ஃபாக்.

திருமேனிநாதன், "முயற்சி செய்யுங்கள் நண்பரே. உங்கள் உறக்கத்தை நம்பி மாவட்டமே விழித்திருக்கிறது," என்றார்.

இரண்டாம் முறை படுத்தார். இந்த முறை எழ முடியவில்லை. ஞானதீபம் அவர் முதுகுக்குக் கீழே கையை விட்டுத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு போட்ட சத்தம் பக்கத்து வார்டு வரைக்கும் கேட்டது.

அங்கிருந்து டாக்டர் நாதியா வந்தார். சின்னப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். வந்தவுடன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காதுக்குழாயை முதுகில் வைத்தார். பிறகு கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் அழுத்தியது போல் குழி விழுந்தது. அந்தக் குழி நிறையவே இல்லை.

"பெரியவரே, வீட்ல எத்தன தலகாணி வச்சுப் படுக்கீங்க?"

சாலமன்ராஜால் பேச முடியவில்லை. ஞானதீபம் சொன்னாள். "மொதல்ல ஒண்ணு. பெறகு ரெண்டு. பெறகு மூணு. இப்ப நாற்காலிதாம்மா."

"இவரை உடனே அட்மிட் பண்ணணும்."

திருமேனிநாதன் சிரித்தார். "டாக்டர், உங்களுக்குத் தெரியாது. இவர் பச்சை அட்டை."

"இவருக்கு இதயம் திணறுது சார். நுரையீரல்ல தண்ணி ஏறிருக்கு."

"சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. நேற்று எடுத்தது."

"நான் சர்க்கரையக் கேக்கல."

"பிறகு எதைக் கேட்கிறீர்கள்?" அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். "எங்களிடம் சர்க்கரை மட்டும்தான் இருக்கிறது."

இதற்குள் நர்ஸ் ஆக்சிஜனை மாட்டிவிட்டாள். காலைக் கீழே தொங்கப் போட்டு உட்கார வைத்து, நரம்பில் ஊசி போட்டார்கள். "இந்தக் கட்டில் சிகிச்சைக்கு அல்ல," என்று திருமேனிநாதன் கடிதத்தை எடுத்துக் காட்டினார். டாக்டர் நாதியா அதை வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஊசி போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

எப்போதிலிருந்து இப்படி என்று அவர் கேட்டதற்கு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அஷ்ஃபாக் தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து அச்சகத்தில் அடித்துக் கொடுத்த ஐந்து தாளையும் எடுத்து நீட்டினார். டாக்டர் அவற்றைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார்.

"இதுல செருப்பு போட்டிருக்கார். இதுல செருப்பு வார் கால்ல பதிஞ்சிருக்கு. இதுல செருப்பே இல்ல. இதுல உக்காந்துட்டார், முகம் உப்பிருக்கு. இதுல கழுத்து நரம்பைப் பாருங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன தெளிவா ஒரு கேஸ் ஷீட்ட நான் காலேஜ்லகூடப் பாத்ததில்ல. தேதி, எடை எல்லாம் போட்டிருக்கீங்க. யாரும் படிக்கலியா?"

"அந்த நரம்பு கம்பீரமாக இருக்கிறது என்று எங்கள் டிசைனர் அதை இன்னும் கொஞ்சம் எடுப்பாகக் காட்டியிருக்கிறார்," என்றார் திருமேனிநாதன், பாராட்டை ஏற்றுக்கொள்பவரின் அடக்கத்தோடு.

சாலமன்ராஜ் பிழைத்துக்கொண்டார்.

முதல் நாள் மட்டும் மூன்றரை லிட்டர் சிறுநீர் போனது. ஏழு நாளில் எடை ஐம்பத்தேழரை. ஊர் வாழ்த்தியது, போதகர் ஸ்தோத்திரம் பண்ணியது, அட்டையில் சீல் குத்தியது, எல்லாமாகச் சேர்ந்த அந்த ஒன்பது கிலோ ஆரோக்கியமும், அரைக் கிலோ போக, அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவையில் வடிந்து போய்விட்டது.

எக்கோ எடுத்தார்கள். இதயம் தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் நாதியா கட்டில் ஓரத்தில் நின்று ஞானதீபத்துக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"முன்னமே ஒரு அட்டாக் வந்து போயிருக்கும்மா. சர்க்கரை ரொம்ப வருஷம் இருந்தா நரம்பு மரத்துப் போயிரும், வலி தெரியாது. போன வருஷம் எப்பவாவது வேர்த்துக் கொட்டி, வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சா?"

இருந்தது. போன தீபாவளி சீசனில், லோடு ஏற்றுகிற நேரம். வாயு என்று நினைத்து ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டு இன்னும் நூறு பெட்டி கட்டினார்.

"இதயம் சோர்ந்தா தண்ணி கால்லயும் நுரையீரல்லயும் தேங்கும். அவங்க புதுசாக் கொடுத்த மாத்திரை ஒடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கும். எல்லாருக்கும் கெட்டதுன்னு இல்ல. ஆனா இதயம் சோர்ந்தவங்களுக்கு ஆகாது. கொடுக்கும் முன்னாடி கேட்டிருக்கணும், கொடுத்த பெறகு காலைத் தொட்டுப் பாத்திருக்கணும். அத நிப்பாட்டியாச்சு. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேத்து நல்லது செய்ற வேற மாத்திரை இருக்கு, அதான் எழுதிருக்கேன். உப்பக் கொறைங்க. தெனம் காலையில எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா சந்தோஷப்படாம ஓடி வாங்க."

சாலமன்ராஜ் இதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "மாடத்தி," என்றார்.

"யாரு அது?" என்று டாக்டர் கேட்டார்.

"அதே மாத்திரைதாம்மா. நான்தான் கூட்டிட்டுப் போய் வாங்கிக் கொடுத்தேன்." அவர் போர்வையை விலக்கிவிட்டுக் காலைக் கீழே இறக்கினார். "போன வாரம் அவளும் ஒடம்பு வச்சிருந்தா. மோதிரம் கழட்ட முடியலன்னு சந்தோஷமாச் சொன்னா."

ஞானதீபம் மாடத்தி வீட்டுக்குப் போன் அடித்தாள். மருமகள் எடுத்தாள். "அத்தை இப்ப கம்பெனிக்கே போறதில்ல. அந்த இயக்கத்துக்காரங்க கார் வச்சுக் கூட்டிட்டுப் போறாக. ஒரே ரிகர்சலு. வந்தா பேசக்கூட முடியாமப் படுத்துக்கிடுதாக." மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் கூட்டிவரச் சொன்னதற்கு, "எங்க சொன்னாக் கேக்காக? ஆடிப் பதினெட்டு முடியட்டும்காக," என்று வைத்துவிட்டாள்.

சாலமன்ராஜுக்கு இயக்கத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. 'தாங்கள் முன் அனுமதி பெறாமல் ஏழு நாள்களில் எட்டரை கிலோ எடை இழந்துள்ளது எமது கவனத்துக்கு வந்துள்ளது. இது மாதிரி நோயாளிக்குரிய நடத்தை விதிகளுக்கு முரணானது. தாங்கள் ஏன் பச்சை அட்டையிலிருந்து நீக்கப்படக் கூடாது என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

"என்ன வெளக்கம் எழுத?" என்று கேட்டார்.

"ஒண்ணுக்குப் போனேன்னு எழுதுங்க," என்றாள் ஞானதீபம்.

ஆடிப் பதினேழு அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் படி ஏறக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் நாதியா சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குச் சாலமன்ராஜ் ஞானதீபத்தோடு ஆட்டோவில் சூலக்கரைக்குப் போய் இறங்கினார்.

அரங்கு நிறைந்திருந்தது. கம்பெனிகள் பஸ் வைத்துத் தொழிலாளிகளை அனுப்பியிருந்தன. வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். சர்க்கரைச் சமநிலை இயக்கத்தில் லட்டா என்று கேட்ட ஒரு ஆளிடம், "இது விழா லட்டு, கணக்கில் வராது," என்று ஒரு தொண்டர் விளக்கிக்கொண்டிருந்தார்.

மேடையில் பெரிய நாற்காலியில் பட்டுப் புடவையில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். விறகு என்று பெயர் எடுத்த மாடத்தி இல்லை. முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நாடாவை அவிழ்த்துக் காலண்டரை விரித்தார்கள். முதல் ஐந்து தாளில் சாலமன்ராஜ். ஆறாம் தாளில் மாடத்தி, வெள்ளை விரிப்பில், முதுகுக்குப் பின்னால் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடி, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கீழே 'ஆழ்ந்த உறக்கம்'.

திருமேனிநாதன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஐந்து தாள்வரை நம்மோடு பயணித்த நண்பர் ஒருவர், எடைக் குறைவு என்ற பின்னடைவுக்கு ஆளாகி, இடையிலே நம்மை விட்டுப் பிரிந்தார். இயக்கம் கலங்கவில்லை. ஒரு நோயாளி போனால் என்ன? நமக்கு நோயாளிகளா இல்லை? இதோ சகோதரி மாடத்தி! இரண்டே மாதத்தில் பதினொரு கிலோ!"

கைதட்டல் அடங்குவதற்குள் சாலமன்ராஜ் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

"ஏ மாடத்தி! எத்தன தலகாணி வச்சுப் படுக்க?"

அரங்கில் தலைகள் திரும்பின. அப்புறம் சிரிப்பு. "யோவ், சபையில ஒரு பொம்பளகிட்டக் கேக்குற கேள்வியாய்யா இது?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

ஞானதீபம் திரும்பி அந்தப் பக்கமாக ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற பார்வை. "நானும் அதத்தான் கேக்கேன். சொல்லு மாடத்தி. எத்தன?"

மாடத்தி வெட்கப்பட்டாள். பிறகு மூச்சைச் சேர்த்து, சேர்த்து, சொன்னாள். "மூணு மைனி. மூணும் பத்தாம... நேத்து... செவுத்துல சாஞ்சே..."

மைக் அவள் பக்கத்தில் இருந்தது. 'மூணு' மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்டது. திருமேனிநாதனின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வாக்கியத்தை அவர் எழுதிவைத்திருந்த உரையில்கூடப் போட்டிருக்க முடியாது.

"கேட்டீர்களா பெரியோர்களே! மூன்று தலையணை! நேற்றுவரை கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்த ஒரு பட்டாசுத் தொழிலாளி, இன்று மூன்று தலையணை வைத்து உறங்குகிறார்! அதுவும் போதவில்லை என்கிறார்! இதைவிட வளர்ச்சி வேறென்ன வேண்டும்? வரும் ஆண்டில் பச்சை அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நான்காவது தலையணை வழங்கப்படும் என்பதை இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன்!"

அரங்கம் அதிர்ந்தது. லட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

சாலமன்ராஜ் மேடைப் படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் போய் மாடத்தியின் கையைப் பிடித்தார். "வா தாயி, ஆட்டோ வாசல்ல நிக்குது."

"படம் எடுக்கணும்னாகளே அண்ணே..."

"என்னைய எடுத்த படமே போதும். எந்திரி."

அவள் அவர் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். இன்னொரு பக்கம் ஞானதீபம் வந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை, பழைய மாதிரி நோயாளி புதிய மாதிரி நோயாளியைக் கௌரவித்து அழைத்துப் போகிறார் என்று திருமேனிநாதனே மைக்கில் அறிவித்தார். அஷ்ஃபாக் மட்டும் கேமராவைத் தூக்கவில்லை. ஓடிப்போய் நாற்காலிகளை விலக்கி வாசல்வரை வழி பண்ணினார்.

மேடைக்கு ஆறு படி. மாடத்தி ஒவ்வொரு படியிலும் நின்று, வாயைத் திறந்து, மூச்சைத் தேடி எடுத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குக் காலை வைத்தாள். அவள் நின்ற ஒவ்வொரு முறையும், சபைக்கு வணக்கம் சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தட்டினார்கள்.